ழகரத்தின் வால்

ஜூன் 2, திங்கள்

நோட்டீஸ் போர்டில் இன்று காலை ஒரு நோட்டீஸ். நான் ஒட்டாத நோட்டீஸ்! இந்த ஐஸ்வர்யா அப்பார்ட்மெண்ட்ஸுக்குச் செயலாளர் நான். போர்டுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியையும் நானே வைத்திருக்கிறேன். ஆள் என்ன செய்திருக்கிறான் என்றால், கண்ணாடிக்கு வெளிப்பக்கமாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"மொட்டை மாடிக் கதவைத் தயவுசெய்து திறந்துவிடவும். மழைக்காலம் வருவதற்குள் கொஞ்ச நாளாவது அங்கே நடக்கிறோம்." கீழே பெயர் இல்லை.

மாடியைப் பூட்டியவன் நான்தான். சும்மா பூட்டவில்லை. போன மாதம் தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள். மூடி எதற்கு? மூடுவதற்கு. அது போதாதென்று சாயங்காலம் ஆனால் போதும், பெண்கள் கூட்டமாக மேலே போய் நடக்கிறேன் பேர்வழி என்று அப்படி ஒரு சிரிப்பு. மாடிக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் நான் டிவியில் செய்தி கேட்க வேண்டாமா? பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

நான் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். நான் கடைத்தெருவில் நுழைந்தால் தராசுத் தட்டெல்லாம் தானாகச் சமமாகும். என்னிடமா விளையாட்டு?

கோமளாவிடம் நோட்டீஸைக் காட்டினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குல்ல?" என்றாள். பெண்டாட்டியிடம் போய் நியாயம் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பிடும்போது மாடியைப் பற்றி அவளும் ஏதோ சொன்னாள். ரசம் சூடாக இருந்தது, கவனிக்கவில்லை.

ஜூன் 4, புதன்

அடுத்தது வந்துவிட்டது. "சாயங்காலம் எங்களுக்கு வேறு இடம் கிடையாது."

எங்களுக்காம்! அப்படியானால் கும்பல். தலைவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மாடி எட்வின். மின்வாரியத்தில் இருந்தவன். செயலாளர் பதவி மேல் அவனுக்கு ஒரு கண் இல்லை, இரண்டு கண்ணும் உண்டு.

எழுத்து கையால் எழுதியதுபோலச் சாய்வாக, உருண்டையாக இருக்கிறது. போட்டோ பிடித்துப் பெங்களூரில் இருக்கும் மகள் கயல்விழிக்கு அனுப்பினேன். அவள் ஏதோ கம்பெனியில் எழுத்து டிசைன் செய்கிறாள். எழுத்துதான் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கென்ன டிசைன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

உடனே போன் வந்தது. "அப்பா, இது எங்க ஒட்டியிருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அப்படி இருமினாள். பெங்களூர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

"இது கையெழுத்து இல்லப்பா, ஃபான்ட். கம்ப்யூட்டர் எழுத்து. கையெழுத்து மாதிரியே செஞ்சிருக்காங்க. நம்பிக்கை இல்லன்னா ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஒரு 'க' மேல இன்னொரு 'க'வை வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. கையால எழுதினா ரெண்டு 'க' ஒண்ணா இருக்காது."

பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. ஃபான்ட்தான்! ஆக, குற்றவாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியும். சந்தேக லிஸ்டிலிருந்து வாட்ச்மேன் அய்யாவு, மூன்றாவது மாடிக் கிழவர், கோமளா மூவரையும் அடித்துவிட்டேன். கோமளாவுக்குச் செல்போனில் வாட்ஸ்அப் பார்ப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

கயல் இன்று பாடம் நடத்தினாள். இந்த மாதிரி சாய்வெழுத்து ஃபான்ட் ஏகப்பட்டது இருக்கிறதாம். செந்தூரம், கொடிமுல்லை, நீரோடை என்று கல்யாண மண்டபங்களைப் போலப் பெயர்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அடையாளம் மூன்று இடத்தில் என்றாள்.

ஒன்று, ழகரத்தின் வால். கொடிமுல்லையில் வால் கீழே இறங்கி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நம் ஆளுடைய ழகரத்தில் வால் உள்ளே சுருண்டு மறுபடி ஏறிவந்து எழுத்தின் வயிற்றைத் தொடுகிறது. இரண்டு, புள்ளி. மற்றதில் எல்லாம் புள்ளி, வெறும் புள்ளியாக இருக்கும். நம் ஆளுக்கு அது குட்டி வட்டம், நடுவில் வெள்ளை. மூன்று, 'மை', 'லை'க்கு முன்னால் வரும் இரட்டைச் சுழி. நம் ஆளுக்கு இரண்டாவது சுழி சின்னது, முதல் சுழியின் மடியில் உட்கார்ந்த மாதிரி.

"சரி, இந்த ஃபான்ட் எந்தக் கடையில கிடைக்கும்?" என்றேன்.

"கடையில கிடைக்காதுப்பா. ஒருத்தரே ஒருத்தருக்காகச் செஞ்சது. நீங்களே கண்டுபிடிங்க, உங்களால முடியும்."

முடியும் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 8, ஞாயிறு

எட்வின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. போன தையில் அவன் மகளுக்குக் கல்யாணம். சாய்வெழுத்து! மயிரிழை அகலத்தையும் அளக்கும் என் பழைய வெர்னியர் அளவுகோலைத் துடைத்து எடுத்துக்கொண்டு, நேரே அவன் வீட்டுக்கே போய், அவன் எதிரிலேயே ஒவ்வொரு ழகரமாக அளந்தேன். 'வாழ்த்த', 'அழைக்கிறோம்', 'மகிழ்ச்சி' என்று பத்திரிகை முழுக்க வால்தான்.

எட்வின் காபியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "ஏன் சார், கல்யாணத்துக்கு வரல, பத்திரிகைய மட்டும் வந்து அளக்கிறீங்களே?"

வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொடிமுல்லை. எனக்கு வந்த ஏமாற்றத்தில் காபியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கோமளா, "அவரு கோவிச்சுக்கிட்டாரா?" என்று கேட்டாள். பிறகு ஏதோ சொன்னாள். நான் வெர்னியருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11, புதன்

பொதுச் சுற்றறிக்கை விட்டேன். ஒவ்வொரு வீடும் கீழ்க்கண்ட வாக்கியத்தை அவரவர் கம்ப்யூட்டரில் அடித்து, சாய்வெழுத்தில் பிரிண்ட் எடுத்து, சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் தர வேண்டும். வேண்டிய எழுத்தெல்லாம் இருக்கும்படி வாக்கியத்தை நானே யோசித்து எழுதினேன்:

"ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சலில் அமர்ந்து வாழைப்பழம் தின்ற கொழுத்த வாத்து மழையில் நனைந்தது."

மதியமே இரண்டு பேர் வந்து அந்த வாத்து யார் என்று கேட்டார்கள். வாத்து யாரும் இல்லை, அது ஒரு வாத்து என்றேன். நம்பவில்லை. நான்காவது மாடி பேங்க் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சலில் உட்காரும் வழக்கமுள்ளவராம். அவர் மனைவி அழுதுகொண்டே போனாள்.

ஜூன் 14, சனி

எல்லா வீட்டிலிருந்தும் வாத்து வந்து சேர்ந்துவிட்டது. எட்வின் வாத்துக்குப் படமும் போட்டு, அதற்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டிருக்கிறான். நான் மாட்டுவது போன்ற தடித்த கண்ணாடி. கண்டுகொள்ளவில்லை.

சாப்பாட்டு மேஜை முழுக்க வாத்துகளைப் பரப்பி அளந்தேன். செந்தூரம், நீரோடை, கொடிமுல்லை. எதிர்வீட்டு நூர்ஜஹான் டீச்சர் மட்டும் அச்செழுத்தில் கொடுத்திருந்தார். என்னிடம் பிரிண்டர்தான் சார் இருக்கு, சாய்வெழுத்து இல்லை என்றார். நல்ல மனுஷி. கோமளாவுக்குச் சிநேகிதி. லிஸ்டிலிருந்து அடித்தேன்.

வயிற்றைத் தொடும் வால் ஒரு வீட்டிலும் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நம் வீட்டு வாத்தை யார் கொடுப்பது என்று கோமளா கேட்டாள். "நம்ம வீட்டில் யாருக்கு டைப் அடிக்கத் தெரியும்?" என்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சாப்பிட மேஜையில் இடமில்லாததால் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நான், எட்வின், நூர்ஜஹான் டீச்சர். புது விதி ஒன்று கொண்டுவந்தேன்: பெயர் போடாமல் நோட்டீஸ் ஒட்டியவர் யாரென்று தெரிந்தால், அவர் குடும்பத்தில் எவரும் இனிமேல் சங்கப் பதவி வகிக்கக் கூடாது. குற்றவாளி பெயரை 29ஆம் தேதி பொதுக்குழுவில் நானே அறிவிப்பேன்.

"குடும்பத்துல எவரும்னு போடணுமா சார்? நல்லா யோசிச்சீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"எவரும் என்றால் எவரும்தான். அப்போதுதான் பயம் இருக்கும்."

"வேற ஒண்ணுமில்ல சார், உங்க நல்லதுக்குத்தான்…" என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். ஊரெல்லாம் இருமல். எட்வின் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தான். அவன் என்னை ஆதரித்தது இதுதான் முதல் தடவை. மனுஷன் திருந்திவிட்டான்.

ஜூன் 16, திங்கள்

மூன்றாவது. "மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரியும். செயலாளர் ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா?"

இல்லை. இங்கே குடிவந்ததிலிருந்து பார்க்கவில்லை. அதனால் என்ன? மலைக்கோட்டை எங்கே ஓடிவிடப் போகிறது?

ஆனால் அதை எப்படி எழுதியிருக்கிறான்! அந்த 'லை'யும் 'டை'யும். சின்னச் சுழி பெரிய சுழியின் மடியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது. விரோதி எழுத்தாக இருந்தாலும் அழகு அழகுதான். ஜன்னலோரம் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமளா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, பாருங்க," என்றாள்.

ஜூன் 18, புதன்

கோமளா பெங்களூருக்குக் கயல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இங்கே மூச்சு முட்டுகிறதாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போயிற்று என்றேன். ஆட்டோவில் ஏறும்போது ஏதோ சொன்னாள். ஆட்டோ சத்தத்தில் காதில் விழவில்லை. தலையாட்டி வைத்தேன்.

ஜூன் 21, சனி

கோமளா ஊருக்குப் போனதிலிருந்து ஒரு நோட்டீஸும் இல்லை. என் விதிக்குப் பயந்து குற்றவாளி ஒடுங்கிவிட்டான் என்பது தெளிவாகிறது.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. மேலே சிரிப்பும் இல்லை. செய்தி கணீரென்று கேட்கிறது. கேட்க அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஓட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுவிட்டது. படியில் பார்த்த நூர்ஜஹான் டீச்சர், "கேழ்வரகுக் கஞ்சி வச்சுக் குடிங்க சார். கோமளா அடுப்படியில எல்லாம் டப்பால பேர் எழுதி ஒட்டித்தான் வச்சிருக்கா, நீங்களே எடுத்துக்கலாம்," என்றார். நாளைக் காலை அடுப்படிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

கேழ்வரகு.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அலமாரியில் மேல்தட்டில் இருந்தது டப்பா. ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, மையால் 'கேழ்வரகு' என்று எழுதியிருந்தது. ழகரத்தின் வால் இறங்கி, உள்ளே சுருண்டு, ஏறிவந்து வயிற்றைத் தொடுகிறது. அதன் தலையில் புள்ளி, குட்டி வட்டம், நடுவில் வெள்ளை.

பக்கத்து டப்பாவை இழுத்தேன். 'வாழைக்காய்ப் பொடி'. அந்த 'வாழை'யில் சின்னச் சுழி பெரிய சுழியின் மடியில். 'மிளகாய்த்தூள்', 'கடலைப்பருப்பு', 'பெருங்காயம்', எல்லாம் வட்டப் புள்ளி. வெர்னியரை எடுத்து வந்தேன். எடுத்து வந்தேனே தவிர அளக்கவில்லை. அளக்க என்ன இருக்கிறது? என் வீட்டு அடுப்படியில் தட்டுத் தட்டாக அந்த எழுத்து வரிசைகட்டி நிற்கிறது. நான் ஊரெல்லாம் போய் வாலை அளந்துகொண்டிருந்தேன்.

கயலுக்குப் போன் செய்தேன். "கேழ்வரகு டப்பா," என்றேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா!" என்று கத்தினாள். அப்புறம் சொன்னாள். காலேஜ் கடைசி வருஷத்தில் அவள் செய்த ஃபான்டாம். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் லேபிள் எழுதிக் கொடுத்தவள் அம்மாதானாம். 'கயல்விழி' என்ற பெயரில் வரும் அந்த ழியைப் பார்த்து வகுப்பில் டீச்சர் நோட்டைத் தூக்கிக் காட்டுவார்களாம். அந்த எழுத்தை வைத்தே ஃபான்ட் செய்ய வேண்டும் என்று அம்மாவை உட்காரவைத்து அகரத்திலிருந்து எழுதி வாங்கினாளாம். இப்போது கோமளா செல்போனிலேயே அதில் அடித்து நூர்ஜஹான் டீச்சர் வீட்டுப் பிரிண்டருக்கு அனுப்புகிறாளாம்.

"அந்த ஃபான்ட்டுக்குப் பேரே கோமளம்ப்பா. உங்ககிட்ட அப்பவே காட்டினேன். நல்லது நல்லதுன்னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினீங்க."

"அம்மா என்ன பண்றா?"

"இங்க எங்க மாடியில நடந்துட்டு இருக்காங்க."

வெட்கமாக இருக்கிறது. கோமளாவோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், எழுத்து அவளுடையது என்று தெரியவில்லை. எட்வின் வீட்டு எழுத்து எனக்கு அத்துப்படி.

ஜூன் 26, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. பெயரைச் சொன்னால் என் விதிப்படி என் பதவி போகும். 'எவரும் என்றால் எவரும்தான்' என்று சொன்ன வாய் இது. அதைவிட, இத்தனை பேர் எதிரில் கோமளாவை எழுந்து நிற்க வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் கையாலாகாதவன்.

ஒரு வழி தோன்றியது, எழுதவே கூசுகிறது. எட்வின் பத்திரிகையில் அந்த வாலைக் கொஞ்சம் பேனாவால் இழுத்து உள்ளே வளைத்துவிட்டால் போதும். பேனாவை எடுத்துவிட்டேன். முனையை வாலில் வைத்தும்விட்டேன். பொய்யான எடைக்கல்லுக்கு ஒருநாளும் முத்திரை குத்தாத கை இது. பேனாவை மூடி வைத்தேன். எட்வின்மேல் இதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஜூன் 28, சனி

கோமளா வந்துவிட்டாள். நேரே அடுப்படிக்குப் போனாள். "கேழ்வரகு டப்பா கீழ இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து.

"கஞ்சி வைத்தேன்," என்றேன்.

டப்பாவை மேல்தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு வெள்ளைச் சட்டையா, நீலமா? எடுத்து வைக்கிறேன்."

ஜூன் 29, ஞாயிறு

பொதுக்குழு. வழக்கமாகக் கூட்டம் நடத்த வேண்டிய அளவுக்கு ஆள் சேராது. இன்று நின்றுகொண்டுகூட ஆட்கள். யாரோ முறுக்கு கொண்டுவந்து சுற்றிவிட்டார்கள், சினிமாவுக்கு வந்த மாதிரி.

சார்ட் மாட்டி விளக்கினேன். வால், புள்ளி, சுழி. இதைவிட நன்றாக யாரும் ழகரத்தைப் பற்றிப் பேசியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். பேசப் பேச, இப்படி ஒரு எழுத்து எவ்வளவு நிதானமானவருக்கு வரும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்றெல்லாம் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது.

"பேரைச் சொல்லுங்க சார்," என்றான் எட்வின்.

கோமளா இரண்டாவது வரிசையில் டீச்சர் பக்கத்தில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சார்ட்டைச் சுருட்டி வைத்தேன்.

"பெயர் தெரியும். சொல்ல மாட்டேன். செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன்."

"அவங்க பேரைச் சொல்லாம நீங்க ஏன் சார் விலகணும்?" என்று எட்வின் கேட்டதும் கூட்டம் மொத்தமும் சிரித்தது. வாட்ச்மேன் அய்யாவு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கோமளா எழுந்தாள். "நான்தாங்க ஒட்டினேன். இவரு சொல்ல மாட்டாரு."

"அது எல்லாருக்கும் தெரியும்மா," என்றான் எட்வின். "சார் எப்பக் கண்டுபிடிப்பாருன்னுதானே இந்த மாசம் பூரா பாத்துட்டு இருந்தோம்." ஊஞ்சல்கார மேனேஜர்கூடத் தலையாட்டினார்.

விதிப்படி என் பதவி போனது, கூட்டம் எட்வினைத் தேர்ந்தெடுத்தது. சாவியைக் கேட்டான். சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றில் முடிச்சைத் தேடினேன். எடைக்கல் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, நாள்பட்டு இறுகிப்போயிருந்தது. எனக்கு வரவில்லை. எட்வின் முயன்றான், வரவில்லை. யாரோ கத்தரிக்கோல் கொண்டுவர ஓடினார்கள். ஊரார் முன்னால் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அறுக்க வேண்டாம்," என்று கோமளா வந்தாள். தலையில் இருந்த ஊசியை எடுத்து முடிச்சுக்குள் விட்டு நிதானமாக அவிழ்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் விரலைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. சாவியை எட்வினிடம் நீட்டினாள். "நீங்களே வச்சுக்குங்கம்மா," என்றுவிட்டான். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜூன் 30, திங்கள்

இன்று கேட்டேவிட்டேன். "என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே?"

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சொன்னேனே. ரசம் ஊத்தறப்ப சொன்னேன். நீங்க எட்வின் வீட்டுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கும் சொன்னேன். ஆட்டோல ஏறும்போது சொன்னேன், நீங்க தலைகூட ஆட்டினீங்க."

"அப்புறம் எதற்கு நோட்டீஸ்?"

"போர்டுல ஒட்டினாத்தானே நீங்க படிப்பீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அவரைக்காயைச் சட்டியில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அறைக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். ஏதோ சொன்னாள், ஏதோ சொன்னாள் என்று நானேதான் எழுதி வைத்திருக்கிறேன். என்ன சொன்னாள் என்று ஓரிடத்திலும் இல்லை. வாத்து வாக்கியம் மட்டும் முழுசாக இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

சாயங்காலம் மாடி திறந்தது. நூர்ஜஹான் டீச்சர், மேனேஜர் மனைவி, இன்னும் யார் யாரோ. கோமளா என்னையும் வரச் சொன்னாள். தொட்டியைச் சுற்றி அவர்கள் நடந்தார்கள், நான் பின்னால் நடந்தேன். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இப்போதும் தெரியவில்லை, அனேகமாக வாத்து. மலைக்கோட்டை தெரிகிறது. கோயில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

இறங்கும்போது கோமளா சொன்னது, அப்படியே எழுதுகிறேன்:

"உப்பு தீந்துபோச்சு. நாளைக்கு மறக்காம வாங்கிட்டு வாங்க. பொடி உப்பு வேணாம், கல்லுப்பு."